கடைக்கு ஒரு மடக்குக் கத்தி: திறந்து பார்த்தால் போதாது, மூடிப் பாருங்கள்

மளிகைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும் காலையில் கதவைத் திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை எதையாவது அறுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். பருப்பு மூட்டையின் சணல் கட்டு, பிஸ்கட் பெட்டியின் ஒட்டு நாடா, சோப்புப் பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, வாழை இலைக் கட்டின் நார் என்று வேலை ஓயாது. தராசு வாங்கும்போது முத்திரை பார்க்கிறோம். பூட்டு வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறோம். கத்தி வாங்கும்போது மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இப்போது ஒரு கையால் திறக்கக்கூடிய மடக்குக் கத்திகள் பல விலைகளில் கிடைக்கின்றன. வணிகர்களும் ஊழியர்களும் விரும்பி வாங்குகிறார்கள். இவற்றில் நல்லது எது, குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

ஒரு கை ஏன்?

மூட்டையைப் பிரிக்கும்போது இடது கை மூட்டையின் வாயைப் பிடித்திருக்கும். பெட்டியை இறக்கும்போது ஒரு கை பெட்டிக்கு முட்டுக்கொடுத்திருக்கும். அந்த நேரத்தில் நகத்தால் நெம்பி இரண்டு கையாலும் திறக்கும் பேனாக்கத்தி பயன்படாது. அதைத் திறப்பதற்காகச் சரக்கை விட்டால் சரக்கு சரியும்.

இந்தக் காரணத்தால் பலர் செய்வது என்ன? விரித்த கத்தியையோ வெறும் சவர பிளேடையோ மேசைமேல், மூட்டைமேல், தராசுக்குப் பக்கத்தில் கிடத்தி வைக்கிறார்கள். அவசரத்தில் கையை நீட்டுகிறவர் விரலில் அது படுகிறது. ஒரு கைக் கத்தியின் உண்மையான பயன் வேகம் அல்ல. வேலை முடிந்த அடுத்த நொடியே மூடிப் பையில் போட்டுவிடலாம் என்பதே அதன் பயன். திறப்பதற்கு எளிதாக இருந்து, மூடுவதற்குக் கடினமாக இருக்கும் கத்தி மறுபடியும் மேசைமேல் விரிந்துதான் கிடக்கும். எனவே கத்தியை அது திறக்கும் அழகைக் கொண்டு தேர்ந்தெடுக்காமல், மூடும் முறையைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

கத்தி வேண்டாத இடங்கள்

முதலில், எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை என்பதை அறிய வேண்டும். இயந்திரத்தால் தைத்து வரும் அரிசி, சர்க்கரை, மாவு மூட்டைகளின் தையல் சங்கிலித் தையல். தையல் முடிந்த முனையில் நூலை ஓர் இடத்தில் அறுத்துவிட்டுச் சரியான இழையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். ஒரு முனையிலிருந்து வராவிட்டால் மறுமுனையில் முயன்று பார்க்கலாம்.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் காலிச் சாக்குக்கு விலை உண்டு. வாய் கிழியாத சாக்குக்குக் கிடைக்கும் விலை, கத்தி பட்ட சாக்குக்குக் கிடைக்காது. தவிரவும், பிளாஸ்டிக் இழைப் பையைக் கூர் மழுங்கிய கத்தியால் குறுக்கே கிழித்தால் இழைத்துணுக்குகள் அரிசியில் விழும். பிறகு வாடிக்கையாளர் உலையில் அதைக் காண்பார். பழி நம் கடைக்குத்தான் வரும்.

அட்டைப் பெட்டிகள் மட்டுமே நாள் முழுவதும் பிரிக்கும் கடைகளுக்கு, முனையை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுத்துக்கொள்ளும் கட்டர் போதும். 1956ஆம் ஆண்டு ஜப்பானில் உருவாக்கப்பட்ட இக்கருவி இன்று எழுதுபொருள் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கிறது. அதன் குறை என்னவென்றால், அலகு மெல்லியது. தடித்த கயிற்றிலும் பட்டையிலும் பக்கவாட்டில் திருகினால் ஒடிந்து தெறிக்கும். கயிறு, சாக்கு, பட்டை, பெட்டி எல்லாம் கலந்து வரும் கடைக்குத்தான் மடக்குக் கத்தி ஏற்றது.

திறக்கும் வகைகள்

பழைய பேனாக்கத்திகளில் அலகின் பக்கத்தில் நகம் நுழைக்க ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். 1897ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற சுவிட்சர்லாந்து ராணுவக் கத்தியின் பெரும்பாலான மாதிரிகள் இன்றும் இந்த வகையே. பிரான்ஸ் நாட்டின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியும் அப்படியே. அதற்கு 1955இல் சுழலும் வளையப் பூட்டு சேர்க்கப்பட்டது. விலை குறைவு, பூட்டு எளிது, கூர் நன்று. ஆனால் திறக்க இரண்டு கையும் வேண்டும்.

ஒரு கையால் திறப்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் பரவலாக உள்ளன. ஒன்று, அலகின் அடிப்பக்கத்தில் கட்டைவிரலால் தள்ளுவதற்கான சிறு குமிழ். மற்றொன்று, அலகிலேயே வட்டமான துளை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் துளையும், சட்டைப் பையில் மாட்டும் கிளிப்பும் சேர்ந்த கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. கை எண்ணெயாக இருக்கும் கடைக்காரருக்குத் துளை சற்று வசதி. குமிழ் சிறிதாக இருந்தால் விரல் வழுக்கும். துளையில் விரல் பதிந்து நிற்கும்.

பொத்தானை அழுத்தினால் வில் விசையில் தானே பாயும் கத்திகளை வாங்க வேண்டாம். பையில் இருக்கும்போது தவறி அழுந்தினால் திறந்துகொள்ளும். சட்டச் சிக்கலும் உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

பூட்டுத்தான் உயிர்

திறந்த அலகு வேலையின் நடுவே மடங்கி விரலில் விழாமல் காப்பது பூட்டு. மடக்குக் கத்திக்கு நாம் கொடுக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும். கடைகளில் அதிகம் காணப்படும் வகைகள் நான்கு.

1. பூட்டு இல்லாதது: பின்புற வில்லின் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கும். பழம் நறுக்க, நூல் அறுக்கப் போதும். முனையால் குத்தித் துளைக்கும் வேலைக்கு ஆகாது. முனை சிக்கினால் அலகு திரும்பி விரலில் மடங்கும்.

2. முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்பை அழுத்தினால் அலகு விடுபடும். உறுதியானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒரு கையால் மூடும்போது அலகு விரல்களை நோக்கி விழும். இதை இரண்டு கையால் மூடுவதே நல்லது.

3. உள்தகட்டுப் பூட்டு: கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கரான மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய அமைப்பு இது. குறைந்த விலைக் கத்திகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகு மூடும் வழியிலேயே இருப்பது இதன் குறை. எனவே மூடும்போது, தகட்டைத் தள்ளி, அலகைக் கால்பங்கு மடக்கி, கட்டைவிரலை வெளியே எடுத்துவிட்டு, அதன் பிறகே முழுவதும் மூட வேண்டும்.

4. குறுக்குக் கம்பிப் பூட்டு: அலகின் அடியில் குறுக்காக ஓடும் கம்பி ஒன்று இரண்டு சிறு வில்களின் உதவியால் அலகைப் பிடித்து நிற்கும். இரு பக்கமும் உள்ள குமிழைப் பின்னால் இழுத்தால் அலகு விடுபடும். விரல் எதுவும் அலகின் வழியில் இருக்காது. இடக்கைக்காரரும் பயன்படுத்தலாம். 1998இல் பெஞ்ச்மேட் என்ற அமெரிக்க நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியபோது விலை உயர்ந்த கத்திகளில்தான் இருந்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பின் நடுத்தர விலைக் கத்திகளிலும் வந்துவிட்டது.

கடை வேலைக்கு நான்காவது வகை முதல் தேர்வு. விலை கட்டவில்லை என்றால், நன்றாகச் செய்யப்பட்ட மூன்றாவது வகை போதும். ஆனால் கடை ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் மூடும் முறையைக் கற்பித்த பிறகே கையில் கொடுக்க வேண்டும்.

இரும்பின் தரம்

கத்தியில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தட்டும் ஸ்டெயின்லெஸ்தான், கரண்டியும் ஸ்டெயின்லெஸ்தான். எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

420 என்ற வகை துருவை நன்றாகத் தாங்கும். மென்மையானது என்பதால் கூர் சீக்கிரம் போகும். 440 என்று வெறுமனே எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். அதில் ஏ, பி, சி என்று மூன்று உட்பிரிவுகள் உண்டு. கரி அதிகமுள்ள 440சி வகைதான் கூரை நெடுநேரம் காக்கும். சீனத் தயாரிப்புகளில் பரவலாக உள்ள 8சிஆர்13எம்ஓவி என்பது ஏறக்குறைய 0.8 சதவீதம் கரியும் 13 சதவீதம் குரோமியமும் கொண்டது. குறைந்த விலைக்கு நல்ல நடுத்தரம். தீட்டுவதும் எளிது.

டி2 என்ற வகை இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அது முழுத் துருவேறா இரும்பு அல்ல. கல் உப்பும் புளியும் கருவாடும் கையாளும் நமது கடைகளில் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். கடலோர ஊர்க் கடைகளில் இன்னும் விரைவாகத் துரு ஏறும். உப்பு மூட்டை அறுக்கிறவர் கூர் சற்றுக் குறைந்தாலும் துருவேறாத வகையை வாங்குவதே கெட்டிக்காரத்தனம். கூர் போனால் ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். அச்சில் ஏறிய துருவும், பூட்டில் ஏறிய துருவும் அப்படிப் போகாது.

அளவும் சட்டமும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் சேரா. நாம் பேசும் சிறு கத்தி இந்த அளவுக்கு எட்டவே எட்டாது.

ஆனால் வெளியூர் கொள்முதலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தில்லி நிர்வாகம் 1980இல் வெளியிட்ட அறிவிக்கை, 7.62 செ.மீ. அதாவது 3 அங்குலமோ அதற்கு மேலோ நீளமும், 1.72 செ.மீ.யோ அதற்கு மேலோ அகலமும் கொண்ட, பொத்தானாலும் வில்லாலும் பிற இயந்திர அமைப்பாலும் திறக்கும் கத்திகளைப் பொது இடத்தில் வைத்திருப்பதைக் குறிவைக்கிறது. காரி பாவ்லி சந்தைக்கு மசாலாச் சரக்கு வாங்கப் போகும் வணிகர் கத்தியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை. நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், மெட்ரோ ரயில் போன்ற சோதனை உள்ள இடங்களிலும் தடுப்பார்கள். வெளிநாடுகளில் நிலைமை இன்னும் கடுமை. ஜெர்மனியில் 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது.

இவற்றையெல்லாம் நினைவில் வைக்கச் சிரமமாக இருந்தால், 7 செ.மீ.க்கு உட்பட்ட அலகு, வில் விசை இல்லாதது, வேலை நேரத்தில் கடையில் மட்டும் என்ற மூன்றை மட்டும் பின்பற்றினால் போதும். 7 செ.மீ. அலகால் அறுக்க முடியாத கட்டு மளிகைக் கடைக்கு வருவதில்லை.

அலகின் முனை ஊசியாக இருக்க வேண்டியதில்லை. முதுகு வளைந்து இறங்கி முனை மழுங்கிய அலகே பெட்டி பிரிக்க ஏற்றது. எண்ணெய்ப் பாக்கெட் பெட்டியில் ஊசி முனை உள்ளே போனால் ஒரு பாக்கெட் ஓட்டையாகும். மற்ற பாக்கெட்டுகள் எல்லாம் பிசுக்காகும். ரம்பப்பல் வைத்த அலகும் வேண்டாம். கயிற்றை விரைவாக அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரணத் தீட்டுக்கல்லில் அதைத் தீட்ட முடியாது.

கடையில் வாங்கும்போது செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

1. மூடிய கத்தியை முனைப்பக்கம் கீழாகப் பிடித்து மெதுவாக உலுக்குங்கள். அலகு தானே வெளியே வரக் கூடாது. வந்தால் அது சட்டைப் பைக்குள்ளும் வரும்.

2. கட்டைவிரலால் மெதுவாகத் திறங்கள். வீசித் திறக்க வேண்டாம். மெதுவாகத் திறந்தாலும் பூட்டு முழுமையாக விழ வேண்டும்.

3. திறந்த அலகின் முதுகைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைவு இருந்தால் அது பூட்டின் குறை. அந்தக் கத்தி வேண்டாம். பக்கவாட்டில் சிறிது ஆடினால் அச்சுத் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம்.

4. விரல்களை அலகு மூடும் வழியிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் லேசாகத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. பத்து முறை மூடிப் பாருங்கள். விரலைப் பார்க்காமல் மூட முடிகிறதா? ஒவ்வொரு முறையும் விரல் அலகின் வழியில் வருகிறதா? ஐந்தில் இதுவே முக்கியமான சோதனை. கடைக்காரர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை, பத்து முறையும் மூடிப் பாருங்கள்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் போலிகளும் சந்தையில் உண்டு. ரசீது தரும் கடையில் வாங்குங்கள். கைப்பிடி திருகுகளால் இணைக்கப்பட்டிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஆணி அடித்து இறுக்கியதில் தளர்வு வந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

விலைக் கணக்கை நம் பாணியிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, 150 ரூபாய்க் கத்தி மூன்று மாதத்தில் பூட்டுத் தளர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நான்கு கத்தி, 600 ரூபாய். அதே 600 ரூபாயில் ஒரு கத்தி வாங்கி இரண்டு ஆண்டு உழைத்தால் பாதிச் செலவு. இதில் விரலில் போடும் தையலையும், ஊழியர் வராத நாட்களையும் நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதே சமயம், விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறுகிறது என்றும் எண்ண வேண்டாம். ஓரளவுக்கு மேல் நாம் கொடுக்கும் பணம் அபூர்வ இரும்புக்கும் அலங்காரக் கைப்பிடிக்கும்தான் போகிறது. கடைக்கு அவை தேவையில்லை.

பயன்படுத்தும் முறை

அறுக்கும்போது கத்தி நம் உடலை விட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். மூட்டையைப் பிடித்த கை, கத்தி வரும் பாதையில் இருக்கக் கூடாது. பெட்டியை அறுக்கும்போது அலகைச் சாய்த்துப் பிடித்து, நாடாவின் கனத்துக்கு மேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை அறுந்தவுடன் சுண்டும். முகத்தை ஒதுக்கி, பட்டையின் ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறுக்கவும். இரும்புப் பட்டைக்குக் கத்தி கூடாது. அதற்கு வெட்டுக் கத்தரி வேண்டும்.

திருகாணி கழற்றவும், டப்பா மூடியை நெம்பவும் கத்தியைப் பயன்படுத்தினால் முனை ஒடியும், பூட்டும் தளரும். சாக்கு அறுக்கும் கத்தியால் வெல்லமோ வெண்ணெயோ வெட்டுவதும் தவறு. உணவுப் பொருளுக்குத் தனிக் கத்தி வைக்க வேண்டும்.

வாடிக்கையாளர் முன்னிலையில் கத்தியைச் சடக்கென்று விரிப்பதும் நன்றாக இருக்காது. குழந்தையோடு வந்த தாய் ஒதுங்கிப் போவார். மெதுவாகத் திறந்து, வேலை முடித்து, மூடிப் பையில் போட்டால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஒருவரிடம் ஒருவர் கொடுக்கும்போது மூடித்தான் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை, கடை மூடும் முன் ஐந்து நிமிடம் போதும். பழைய பல்துலக்கும் பிரஷால் உள்ளே இருக்கும் மாவையும் நாரையும் தட்டிவிட்டு, உப்பு பட்டிருந்தால் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. கூடுதலாக விட்டால் மாவும் தூசியும் ஒட்டிக்கொள்ளும், பூட்டும் வழுக்கும்.

தீட்டுக்கல்லில் அலகை ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில் வைத்து, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் சிறு கத்தியைக் கொடுத்தால் தீப்பொறி பறக்கும் சூட்டில் கூர்முனையின் பதம் கெட்டுப்போகக்கூடும். மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து. அதை அழுத்தி அறுக்கிறோம், அழுத்தும்போதுதான் வழுக்குகிறது.

காயம் பட்டால்

மஞ்சள்தூள், காப்பித்தூள், புகையிலை எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேல் உயர்த்தி வையுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் நுனி மரத்துப் போனாலோ, விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். நாள் கடந்தால் சரிசெய்வது கடினம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசை எண்ணுவதும் தராசைப் பிடிப்பதும் இந்த விரல்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சுருக்கம்

அலகு 7 செ.மீ.க்குள். முனை மழுங்கியது, ரம்பப்பல் இல்லாதது. திறக்கத் துளை அல்லது குமிழ். வில் விசை வேண்டாம். குறுக்குக் கம்பிப் பூட்டு, அல்லது அசைவில்லாத உள்தகட்டுப் பூட்டு. 440சி அல்லது 8சிஆர்13எம்ஓவி போன்ற துருவேறாத இரும்பு. திருகால் இணைத்த கைப்பிடி, பையில் மாட்டும் கிளிப்.

இந்த வாரம் ஒரு நாள், கடை திறந்து வியாபாரம் சூடு பிடிப்பதற்குள், ஊழியர்களை அழைத்து நிறுத்தி, அவரவர் கையில் இருக்கும் கத்தியை மூடிக் காட்டச் சொல்லுங்கள். மூடத் தடுமாறுகிறவருக்குக் கற்றுக்கொடுங்கள். பூட்டு ஆடும் கத்தியை அன்றே அகற்றிவிடுங்கள். மேசைமேல் விரிந்து கிடக்கும் கத்தியும் பிளேடும் நம் கடைகளிலிருந்து மறைந்தால், அதுவே இந்தப் பாடத்தின் பயன்.